இரண்டு பட்டாளத்திலும் இருந்தவர்

படத்தைக் கையில் வாங்கியதும் செல்லசாமி முதலில் சிரித்தார். பிறகு அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு போட்டார் ஒரு சத்தம்.

“அடிப் பாவி லெட்சுமி! இது நான்தாண்டி!”

ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் ஸ்டூடியோ. வெளியே பொழுது ஏறியும் விலகாத பனி. உள்ளே இருந்த மற்ற மூன்று பேரும் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய சட்டத்துக்குள் இரண்டு முகங்கள். வலது பக்கம் அங்கம்மா. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இந்த மாத ஆரம்பத்தில் இறந்துபோனவர். அடையாள அட்டைக்கு எடுத்த முகம் என்பதால் கொஞ்சம் முறைத்தபடி இருந்தார். இடது பக்கம் கோட்டுப் போட்ட ஒரு வாலிபர். அவர்தான் அங்கம்மாவின் புருஷன் சோலைமலை என்று சொல்லித்தான் ஸ்டூடியோக்காரர் தரணிதரனிடம் கொடுத்திருந்தார்கள். அவரும் இருவரையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, வாலிபருக்கு ஒரு கோட்டு மாட்டி, பின்னால் நீலத் திரை ஒன்றை இழுத்துவிட்டு, சட்டம் போட்டு முடித்துவிட்டார்.

நாளைக் காலையில் கருமாதி. இந்தப் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, படையல் வைக்கவேண்டும்.

இப்போது அந்தப் புருஷன் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, உயிரோடு, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

“மாமா, சும்மா இருங்க,” என்றாள் நாகலெட்சுமி. அங்கம்மாவின் ஒரே மகள்; அப்பாவின் சிநேகிதரான செல்லசாமியை மாமா என்றே கூப்பிடுகிறவள். ஐம்பதைத் தாண்டியும் கொழுந்துக்கூடையை இறக்காதவள். “அந்தப் பழைய சினிமாவ போன்ல பார்த்தப்பவும் இப்பிடித்தான் சொன்னீங்க. குண்டு போடுறவனும் நான்தான், மரத்துல தொங்குறவனும் நான்தான்னு. கடைசில அந்தக் கழுதையையும் நீங்கதான்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன்.”

“போன்ல ஆளு எறும்பு மாதிரி தெரிஞ்சான். எனக்கோ கண்ணுல பூ விழுந்து கெடக்கு. இது பெருசால்ல இருக்கு! என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“தெரியாது தாத்தா,” என்றான் ஜீவராஜ். நாகலெட்சுமியின் மகன். நானுஓயா ஸ்டேஷனில் ஓட்டோ ஓட்டுகிறவன். “அம்பது வருஷத்துக்கு முன்ன உள்ள மூஞ்சி. எல்லாருக்கும் அப்ப ஒரே மீசைதானே.”

“டேய், உசிரோட இருக்கிறவனுக்கு மாலை போட்டுப் படையல் வச்சா என்னாகும்னு தெரியுமா ஒனக்கு? அதுவும் அங்கம்மா பக்கத்துல நிக்க வச்சிருக்கீங்க. லயத்து வீடுகள்ல சனம் என்னடா பேசும்? அம்பது வருஷமா மூடி வச்சிருந்த கதை இன்னிக்கு வெளிய வந்திருச்சுன்னு பேசாது?”

நாகலெட்சுமியின் முகம் கறுத்தது. சிரிப்புக்கு அங்கே இடமில்லாமல் போனது அப்போதுதான்.

தரணிதரன் எழுந்தார். முப்பது வருஷமாக முகங்களோடு புழங்குகிறவர். “சண்டை வேணாம். ஐயா, மப்ளரைக் கழட்டுங்க. காதைக் காட்டுங்க.”

“காதா?”

“வயசானா மூஞ்சி தொங்கும், முடி கொட்டும், பல்லு போகும். காதோட மடிப்பு மட்டும் அப்பிடியேதான் இருக்கும்.”

செல்லசாமி மப்ளரை அவிழ்த்தார். இரண்டு காதுகளும் கதவு திறந்தாற்போல விரிந்து நின்றன. தரணிதரன் ஒரு படம் பிடித்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினார். கோட்டுப் போட்ட வாலிபரின் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான்கு பேரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள்.

அதே விரிப்பு. அதே மடல். மேலே சின்னதாக ஒரு மடிப்பு, அதுவும் அதேதான்.

“கோட்டு நல்லாத்தான் இருக்கு மொதலாளி,” என்றார் செல்லசாமி மெதுவாக. “ஆனா வேணாம்.”

*

அப்படியானால் சோலைமலை எங்கே?

சோலைமலைக்கு இந்த உலகத்தில் ஒரு போட்டோ கிடையாது. நாகலெட்சுமி கைக்குழந்தையாக இருந்தபோது, மலையில் மரம் வெட்டப் போன இடத்தில் மரம் அவர் மேலேயே சரிந்தது. ஆள் போய்விட்டார். அவர் முகம் பதிந்த ஒரே பொருள் ஒரு சினிமாப் படம்.

அவர் சாவுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தோட்டத்துக்கு வந்து இறங்கியது. யுத்தப் படம். ஆனால் சிரிப்பு யுத்தம். பெயர் ‘கர்னலின் கழுதை’. ரகசிய வரைபடத்தைக் கழுதை தின்றுவிடும், இரண்டு பட்டாளமும் அந்தக் கழுதையைத் துரத்தும், இதுதான் கதை. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டை என்று கடைசி வரை சொல்லமாட்டார்கள். கழுதை கிடைக்காததால் நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக் குதிரையைக் கொண்டுவந்து, அதற்கு நீளமாகக் காது ஒட்டினார்கள். பட்டாளத்துக்கு ஆள் கிடைக்காததால் தோட்டத்து ஆம்பளைகளை வரிசையில் நிற்க வைத்து உடுப்பு மாட்டினார்கள்.

மூன்று நான்கு வருஷம் கழித்து, வாக்குக் கொடுத்தபடி அந்தக் கம்பெனி ஒரு படப்பெட்டியை அனுப்பியது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துணி கட்டி ஒரே ஒரு முறை காட்டினார்கள். அன்றைக்கு அங்கம்மா தன் சின்ன மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, “பாலத்துல மூணு பேரு ஓடியாராங்க பாரு. இடது பக்க ஓரத்துல வர்றவருதான் ஒங்கப்பா,” என்றார்.

நாகலெட்சுமி பார்த்தாள். ஒரு நொடி. அவ்வளவுதான் அவளுக்கு அப்பா.

அங்கம்மாவை அடக்கம் செய்துவிட்டு ஜீவராஜ் திரும்ப ஓட்டோ எடுத்த முதல் நாள், நானுஓயாவில் ரயிலிறங்கிய ஒரு வெள்ளைக்காரர் அவனிடம் ஒரு பழைய சினிமாக் காட்சியைக் காட்டி, “இந்தப் பாலம் எங்கே?” என்று கேட்டார். பழைய படங்களின் பைத்தியம். படம் பிடித்த இடங்களைத் தேடிப் போவதே அவருக்கு வேலை. பின்னால் தெரிந்த பெக்டரியைப் பார்த்ததும் அது தன் தோட்டம் என்று ஜீவராஜுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிக் காட்டினான். அவர் முழுப்படத்தையும் அவனுடைய போனில் ஏற்றிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் அங்கம்மாவிடமே கேட்டிருக்கலாம். இப்போது கேட்க ஆள் இல்லை.

அம்மா சொன்ன அடையாளப்படியே நாகலெட்சுமி பாலத்தின் இடது ஓரத்து ஆளைக் காட்டினாள். ஜீவராஜ் அதை வெட்டியெடுத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினான்.

வந்து சேர்ந்தது செல்லசாமி.

*

“படத்த முழுசா போடுங்க மொதலாளி,” என்றாள் நாகலெட்சுமி. “வேற ஒரு பாலம் இருக்கும். வேற மூணு பேரு இருப்பாங்க. யாரோ ஒருத்தர எங்கம்மா பக்கத்துல வச்சுக் கும்பிட முடியாது. ஆளு கெடைக்கலேன்னா அம்மா தனியாவே இருக்கட்டும்.”

தரணிதரன் பெரிய திரையில் படத்தை ஓடவிட்டார். கறுப்பு வெள்ளை. கீறல் மழை. அதில் நிஜ மழையும் சேர்ந்துகொண்டது.

தகரத் தொப்பிப் பட்டாளம் ஒரு பக்கம். துணித் தொப்பிப் பட்டாளம் மறுபக்கம். இரண்டும் தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போயின. எல்லா முகத்திலும் கரி. எல்லாக் காலும் வெறுங்கால்.

“பூட்ஸ் குடுத்தானுக. போட்டுக்கிட்டு நடக்க முடியல. கழட்டிட்டோம்,” என்றார் செல்லசாமி.

“இதுல சோலைமலைத் தாத்தா எந்தப் பட்டாளம்?”

“ரெண்டும்.”

“ரெண்டுமா?”

“ஆளு பத்தலயேடா. காலையில துணித் தொப்பி. சோறு தின்னதுக்கப்புறம் தகரத் தொப்பி. காலையில யாரு சுட்டானோ அவனே அந்திக்கு வந்து குண்டு வாங்கிச் சாகணும். அந்தா பாரு, துணித் தொப்பி போட்டுச் சுடுறது நான். விழுறது யாருன்னு பாரு.”

ஜீவராஜ் பார்த்தான். விழுந்தவனின் தகரத் தொப்பிக்குக் கீழே இரண்டு காதுகள் விரிந்து நின்றன.

“நீங்களேதான்.”

“நானேதான். என்னையே சுட்டிருக்கேன். அதுக்கு ரெண்டு டின் மீன் தனியாக் குடுத்தானுக.”

ஜீவராஜ் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒரே ஆளை இரண்டு பட்டாளத்திலும், நூறு கரி முகங்களுக்கு நடுவே, எங்கே போய்த் தேடுவது? செல்லசாமியும் ஒவ்வொரு முகமாகக் காட்டி, “இவன்தான் சோலைமலை” என்பார். அடுத்த நொடியே, “இல்ல, இவன் அழகன். அழகன்தான் இப்பிடிக் கோணலா ஓடுவான்,” என்று வாபஸ் வாங்குவார்.

பாலம் வந்தது. மூன்று பேர் ஓடி வந்தார்கள். இடது ஓரம் செல்லசாமி. சந்தேகமே இல்லை. பாலம் வெடித்தது. கழுதை அலறிக்கொண்டு மேட்டில் ஏறியது.

நாகலெட்சுமி திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

“கழுதை ஏன் இந்தப் பக்கம் போகுது?”

“எந்தப் பக்கம்மா போகணும்?”

“அந்தப் பக்கம். நான் பார்த்த படத்துல பெக்டரியும் இங்க இல்லையே. அந்த ஓரத்துல இருந்துச்சு. மேடும் அந்தப் பக்கந்தான்.” அவள் குரல் உடைந்தது. “இது அந்தப் படமே இல்லடா ஜீவா. இது வேற எதோ படம்.”

“அம்மா, கழுதை இருக்கு, பாலம் இருக்கு, செல்லசாமித் தாத்தா ரெண்டு பக்கமும் சாகுறாரு. வேற எந்தப் படத்துல இதெல்லாம் இருக்கும்?”

“எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இது இல்ல.”

தரணிதரன் தாடையைச் சொறிந்தார். “ரெண்டு தடவை எடுத்திருப்பாங்களோ?”

“ஒரே தடவைதான் பாலத்த வெடிச்சானுக. இன்னொரு பாலம் கட்ட யாருகிட்ட காசு?” என்றார் செல்லசாமி.

படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி திரும்பி நின்றுகொண்டாள். அழுவதை யாரும் பார்க்கக்கூடாது. எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. படம் எடுக்க வருகிறவர்கள் தலைசீவிப் பவுடர் போடுவதற்கு மாட்டியது. சீப்பு ஒன்று நூலில் தொங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

“ஜீவா.”

“என்னம்மா?”

“இதுதான்.”

“எது?”

“இதுதான்டா படம்! இங்க பாரு, கழுதை சரியாப் போகுது! பெக்டரி சரியா இருக்கு! இந்தப் படந்தான்!”

மூன்று ஆண்களும் ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தார்கள். அதில் அவர்களுடைய நான்கு முகங்களும், பின்னால் மேசைமேல் ஓடிய திரையும் தெரிந்தன. மட்டக் குதிரை ஒட்டுக்காது ஆட மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்.

“ஒங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஓடுதுங்கிறதுக்காக...” என்று ஆரம்பித்த தரணிதரன் பாதியில் நிறுத்தினார்.

ஜீவராஜ் மேசைக்குப் பாய்ந்தான். படத்தைப் பின்னுக்கு இழுத்தான். பாலம். மூன்று பேர். கண்ணாடியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி கண்ணாடி.

“அம்மா! கண்ணாடியில இடது ஓரத்துல வர்றது யாரு?”

“அவரு... அது செல்லசாமி மாமா இல்ல.”

“திரையில அவரு வலது ஓரத்து ஆளு. அண்ணே, அந்த ஆளைப் பெருசாக்குங்க. மூஞ்சி திரும்பட்டும்.”

வலது ஓரத்து ஆள் ஓடி வந்தார். பின்னால் பாலம் வெடித்தது. அவர் காலிடறி விழுந்தார். குப்புற விழுந்தவர் மெல்லப் புரண்டு, முகத்தை இந்தப் பக்கம் திருப்ப...

திரை கறுத்தது. விளக்கு அணைந்தது. கீழே துணிக்கடையில் யாரோ, “கரண்ட் போச்சு!” என்றார்கள்.

*

“யூ.பி.எஸ். இல்லையா அண்ணே?”

“அது செத்து ஒரு வருஷமாச்சு தம்பி.”

பனி ஜன்னலை வெள்ளையடித்திருந்தது. அரையிருட்டில் நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாகலெட்சுமி கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் முகம். ஒரு நொடி பாக்கி.

“எனக்கு ஒண்ணு புரியல,” என்றார் தரணிதரன். “படம் எப்படிம்மா ஒங்களுக்கு மட்டும் தலைகீழா... சரி, பக்கங்கீழாத் தெரியும்?”

“எனக்கு மட்டுமா? அன்னிக்கு எங்க பக்கத்துல அம்பது அறுபது பேரு இருந்தாங்களே. எல்லாரும் அப்பிடித்தானே பார்த்தோம்.”

“ஒங்க பக்கம்னா?” என்றான் ஜீவராஜ்.

“பொம்பளைங்க பக்கம். தூறல் போட்டுச்சுல்ல. ஆம்பளைங்க கம்பளியப் போத்திக்கிட்டு களத்துல குந்திட்டாங்க. நாங்க பிள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்பிடி நனையிறது? பிள்ளைக்காம்பரா வாசல்ல கூரை இருந்துச்சு. அங்கதான் உட்கார்ந்தோம்.”

“பிள்ளைங்களப் பார்த்துக்கிற அந்தக் கட்டடமா? அது களத்துக்கு எந்தப் பக்கம்?”

நாகலெட்சுமி கையைக் காற்றில் நீட்டித் திசை தேடினாள்.

பதில் செல்லசாமியிடமிருந்து வந்தது. “துணிக்குப் பின்னால.”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஆமா! துணிய ரெண்டு கம்பத்துல கட்டுனது நான்தானே. மெஷின் இந்தப் பக்கம். பிள்ளைக்காம்பரா அந்தப் பக்கம். நனைஞ்ச துணி, ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்ப எல்லாப் படத்தையும் பொம்பளைங்க அங்க இருந்துதானே பார்ப்பாங்க.”

“பாட்டியும் அங்கதான் இருந்தாங்களா?” ஜீவராஜின் குரல் எழும்பியது. “அப்ப அவங்க காட்டின இடது, முன்னால இருந்து பார்த்தா வலது!”

“எழுத்தெல்லாம் திரும்பித் தெரிஞ்சிருக்குமே!” என்றார் தரணிதரன். “ஒருத்தரும் கவனிக்கலையா?”

“எங்களுக்கு இங்கிலீசு நேராத் தெரிஞ்சாலும் ஒண்ணுதான், திரும்பித் தெரிஞ்சாலும் ஒண்ணுதான் மொதலாளி,” என்றாள் நாகலெட்சுமி. அன்றைக்கு முதல் தடவையாக அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. அடுத்த நொடியே நெற்றி சுருங்கியது. “அப்ப நான் பார்த்த எல்லாப் படமும் மாத்தித்தானா? சாமி படங்கூடவா? எல்லாச் சாமியும் எடது கையிலயா எனக்கு ஆசீர்வாதம் பண்ணுச்சு?”

கரண்ட் வந்தது.

*

புரண்டவர் முகத்தைத் திருப்பினார். தகரத் தொப்பி கழன்று உருண்டது. தரணிதரன் நிறுத்தினார். பெரிதாக்கினார். கரியைத் தாண்டிக் கண்கள் தெரிந்தன. மூடியிருக்க வேண்டிய கண்கள். ஒன்று மூடியிருந்தது. மற்றது லேசாகத் திறந்து பார்த்தது. பல்வரிசை முழுசாக வெளியே இருந்தது.

செத்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சோலைமலை!” செல்லசாமி எழுந்தே விட்டார். “இவன்தான்! இந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த டைரக்டரு தொப்பியத் தூக்கிக் கீழ அடிச்சான். எத்தனை தடவை ஒத்திகை பார்த்தாலும் சாகும்போது சிரிச்சிருவான். ‘குதிரைக்குக் கழுதைக் காது ஒட்டியிருக்கானுகளே மச்சான், அதப் பார்த்துக்கிட்டு எப்பிடிச் சாகுறது’ம்பான். கடைசில போதும்னு அப்பிடியே விட்டுட்டானுக.”

“நிச்சயமா மாமா? அழகன்னு மாத்திச் சொல்ல மாட்டீங்களே?”

“அழகன் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.”

நாகலெட்சுமி திரையின் முன்னால் நின்றாள். கையை நீட்டினாள், தொடாமல் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“ஒன்ன விடச் சின்னப் பையனாடா இருக்காரு.”

தன்னைவிட ஐந்தாறு வயது குறைந்த தாத்தாவை ஜீவராஜ் அதுவரை யோசித்ததே இல்லை.

தரணிதரன் தொண்டையைச் செருமினார். “அம்மா, ஒரு சிக்கல். ஒங்கம்மா படத்துல எழுபத்தஞ்சு தாண்டின முகம். இவருக்கு இருபத்தஞ்சுகூட இருக்காது. பக்கத்துல வச்சா பேரன் மாதிரி இருக்கும். வேணும்னா இவருக்குக் கொஞ்சம் நரை போடலாம், கன்னத்துல கோடு போடலாம். கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம்.”

“வேணாம்.”

“பார்க்கிறவங்க குழம்பிருவாங்கம்மா.”

“குழம்பட்டும். வாழாத வயச அவருக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“கோட்டு?”

“கோட்டும் வேணாம். ஒரு சட்ட போதும்.”

“சிரிப்பு? கருமாதிப் படத்துல பல்லுத் தெரிஞ்சா...”

“மொதலாளி, அந்தச் சிரிப்பு இல்லேன்னா அவரு யாருன்னே இன்னிக்குத் தெரிஞ்சிருக்காது.”

தரணிதரன் தலையாட்டினார். செல்லசாமியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார், அதாவது கம்ப்யூட்டரில் உள்ள செல்லசாமியை. சோலைமலையைக் கரி நீக்கி, மண்ணிலிருந்து நிமிர்த்தி, அங்கம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு நிறுத்தி யோசித்தார்.

“கடைசியா ஒரு கேள்வி. படத்துல உள்ளபடி நேரா வைக்கவா? இல்ல, நீங்களும் ஒங்கம்மாவும் அன்னிக்குப் பார்த்தபடி திருப்பி வைக்கவா? ஒரு பட்டன்தான்.”

அவர் பட்டனைத் தட்டினார். சோலைமலை அந்தப் பக்கம் பார்த்தார். தட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம். இந்தப் பக்கம்.

எது தெரிந்த முகம்? இத்தனை வருஷம் கண்ணை மூடினால் வந்தது அந்தப் பக்க முகம். இந்தப் பக்க முகம் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருந்தது. நாகலெட்சுமி வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா அவர நேர்லயும் பார்த்தவங்க,” என்றாள் கடைசியில். “நான்தான் துணிக்குப் பின்னால இருந்து மட்டும் பார்த்தவ. நேராவே வையுங்க. இனியாச்சும் எதிர்ல இருந்து பார்க்கிறேன்.”

*

மறுநாள் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன் நின்று குழம்பினார்கள்.

“அங்கம்மாவுக்கு இப்பிடி ஒரு பேரன் இருந்தானா? எப்ப செத்தான்?” என்று தலவாக்கலையிலிருந்து வந்த உறவுக்காரி காதைக் கடித்தாள்.

“பேரன் இல்ல அத்தை. எங்கப்பா,” என்றாள் நாகலெட்சுமி. திரியை நிமிண்டி, படத்துக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கிற யோசனையே அவளிடம் இல்லை.

உறவுக்காரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்கம் கேட்கப் பக்கத்திலிருந்த பெரியவரிடம் திரும்பினாள். தப்பான ஆளிடம் திரும்பிவிட்டாள்.

“சோலைமலைதான்,” என்றார் செல்லசாமி, மப்ளரை இறுக்கிக்கொண்டு. “காலையில நான் அவனச் சுட்டேன். சோறு தின்னுட்டு வந்து அவன் என்னைச் சுட்டான். ரெண்டு பேரும் நல்ல சிநேகிதங்க.”

அவள் மெல்ல நகர்ந்துபோய் வாசல் பக்கம் உட்கார்ந்தாள்.